புது ரேசர் வந்தது, தொண்டையில் கோடும் விழுந்தது: கேட்டவர்களுக்குப் பதில்

பதினோரு வருஷமாக எனக்கு ஒரே ரேசர்தான், ஜெர்மனியில் சோலிங்கன் ஊரில் செய்கிற மெர்க்குர் 34சி. குட்டைக் கைப்பிடி, எடை 80 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடி பார்க்காமலே ஷேவ் செய்வேன் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அதற்கு ஒரு தம்பி வந்தான்: முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்த, மூன்று துண்டாகக் கழற்றுகிற ரேசர், இரண்டு பக்கமும் முனை உள்ள பழைய மாதிரி பிளேடு போடுவது. சமையலறைத் தராசு 112 கிராம் காட்டியது. முதல் நாளே குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அந்தப் பிளாஸ்திரியோடு வெளியே போனதிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி, தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை, பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்பத்தூர்: அண்ணே, பதினோரு வருஷ சர்வீஸ் உள்ள நீங்களே வெட்டிக்கொண்டால் எங்கள் கதி என்ன?

அந்த சர்வீஸ்தான் தம்பி காரணம். பழைய ரேசரின் கோணத்தைக் கை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்பார்கள், அது எல்லா ரேசருக்கும் பொது. ஆனால் அந்த 30 டிகிரி வரக் கைப்பிடியை எங்கே பிடிக்க வேண்டும் என்பது ரேசருக்கு ரேசர் மாறும், ஏனென்றால் மேல்மூடியின் வளைவு, பிளேடு எவ்வளவு வளைந்து உட்காருகிறது, முனை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே உள்ள தடுப்புக்கும் முனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று நாலு சமாசாரம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கிறது. என் மெர்க்குரில் கைப்பிடியை நன்றாகக் கீழே இறக்க வேண்டும். புதியதோ கைப்பிடி முகத்தை விட்டு விலகி நிற்கவே விரும்புகிறது. நான் பழைய ஞாபகத்தில் இறக்கினேன், முனை நிமிர்ந்துகொண்டு முடியை வெட்டாமல் தோலைச் சுரண்டியது. போதாக்குறைக்கு முப்பது கிராமுக்கு மேல் கூடுதல் எடை வேறு.

புது ரேசருக்குக் கோணம் கண்டுபிடிக்கும் வழி எளிது. மேல்மூடியை கன்னத்தில் தட்டையாக வையுங்கள், கைப்பிடி முகத்துக்கு நேர் எதிரே குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே அரை அங்குலம் அரை அங்குலமாக இழுத்துக்கொண்டே கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஓர் இடத்தில் சரசரவென்று முடி வெட்டுகிற சத்தம் கேட்கும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். இந்தச் சத்தத்துக்காகவே நான் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிடுவேன்.

இன்னொன்று, ரேசரை மாற்றும்போது வேறு எதையும் மாற்றாதீர்கள். பலர் புது ரேசர், புது பிளேடு, புது கிரீம் எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் வரவழைத்து, முகம் எரிந்ததும் ரேசரைத் திட்டுகிறார்கள். எது எரித்தது என்று எப்படித் தெரியும்? நான் முதல் மூன்று வாரமும் அதே பிளேடு, அதே கிரீம், அதே பிரஷ்தான். முதல் இரண்டு நாள் முடி வளரும் வாட்டத்திலேயே ஒரே ஒரு முறை, அதோடு சரி. பிறகு குறுக்கே. இரண்டாவது வாரம் கன்னத்தில் மட்டும் எதிர்வாட்டம். கழுத்தில் இன்னும் எதிர்வாட்டம் போகவில்லை, அவசரமும் இல்லை.

வேளச்சேரி: சார், இதுவரை பிளேடுத் தலையையே கழற்றி மாற்றுகிற கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். முதன்முதலாக வாங்குகிறேன். எதை வாங்குவது? இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்ய மனசில்லை.

செய்ய வேண்டியதும் இல்லை. மூன்று துண்டாகக் கழற்றுகிற, கீழ்த்தட்டில் சீப்புப் பல் இல்லாமல் நேரான தடுப்புப் பட்டை உள்ள ரேசர் ஒன்று போதும். இந்தியாவிலேயே செய்கிற பியர்ல், பார்க்கர் மாதிரி ரேசர்கள் உங்கள் தொகைக்குள் தாராளமாகக் கிடைக்கும். வண்ணத்துப்பூச்சி மாதிரி மேலே கதவு திறக்கிற வகை எங்கள் அப்பாவிடம் இருந்தது, பார்க்க அழகு, பிளேடு மாற்றவும் சுலபம், ஆனால் அதன் சந்து பொந்துகளில் சோப்பும் நம் ஊர் உப்பும் சேர்ந்து இறுகிவிட்டால் பழைய டூத்பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

விலை குறைந்த ரேசர்களில் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை வார்த்து மேலே குரோம் பூசியிருப்பார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை, என் மெர்க்குரின் தலையும் அந்தக் கலவைதான். கீழே மட்டும் போடாதீர்கள். டைல்ஸ் தரையில் விழுந்தால் திருகு மரை இருக்கிற அந்தச் சின்னத் தண்டு உடைந்துவிடும், உடைந்தால் ஒட்ட முடியாது. முழு ஸ்டீல் ரேசர் விழுந்தால் டைல்ஸ்தான் உடையும். நான் ஸ்டீலுக்குப் போனதற்கு இதுதான் காரணமே தவிர, ஸ்டீல் நன்றாக ஷேவ் செய்யும் என்பதல்ல. நன்றாகச் செய்வது தலையின் வடிவம், உலோகம் இல்லை.

வந்ததும் பிளேடு போட்டு நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் முனை ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் கடிக்கும், மறுபக்கம் வெட்டவே வெட்டாது. தளர்த்தி, பிளேடின் குட்டைப் பக்கங்களை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி முறுக்குங்கள். நீளப் பக்கத்தைப் பிடிக்காதீர்கள். முதல் வாரத்தில் எல்லோருக்கும் வெட்டு விழுவது முகத்தில் அல்ல, கட்டைவிரலில்.

கொளத்தூர்: எந்த பிளேடு நல்ல பிளேடு?

உங்கள் முகத்துக்கு எது நல்லது என்று என் முகம் சொல்ல முடியாது. தட்டிக் கழிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஜப்பானின் ஃபெதர் கூர்மைக்குப் பேர்போனது, எனக்கு முதல் இரண்டு ஷேவ் பட்டு மாதிரி போகும், என் மச்சானுக்கோ முகம் முழுக்கச் சிவந்துவிடும். அதனால் டோபாஸ், சூப்பர்மேக்ஸ், 7 ஓ கிளாக் என்று பக்கத்துக் கடையில் கிடைக்கிறவற்றில் மூன்று நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பிளேடு தேயும்வரை பாருங்கள். ஒரே ஷேவில் தீர்ப்பு எழுதாதீர்கள். பிளேடும் ரேசரும் சேர்கிற ஜோடி என்று ஒன்று உண்டு. என் புது ரேசரில் 7 ஓ கிளாக் உட்கார்ந்த மாதிரி ஃபெதர் உட்காரவில்லை, பழையதில் நேர் எதிர்.

கொளத்தூர்: ஒரு பிளேடு எத்தனை ஷேவ் வரும்?

எனக்கு நான்கு. கெட்டியான தாடி என்றால் இரண்டு மூன்றிலேயே இழுக்க ஆரம்பிக்கும். இழுத்தால் தூக்கிப் போடுங்கள், விலை வெறும் சில ரூபாய், அதற்குப் போய்க் கருமித்தனம் வேண்டாம்.

எஃகை விட ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி எஃகை மழுக்குகிறது என்று எனக்கும் ரொம்ப நாளாகச் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தே பார்த்து 2020இல் எழுதினார்கள். முனை உரசி உரசித் தேய்வது மட்டும் இல்லையாம், முடி வளைந்து கொடுக்கும்போது எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடங்களில் முனை துளித்துளியாகச் சில்லு பெயர்கிறது. நனைந்து ஊறிய முடி சுலபமாக வெட்டுப்படும் என்பது நமக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் முகம் கழுவி இரண்டு மூன்று நிமிஷம் ஈரத்தோடு விடச் சொல்கிறேன். சென்னையில் இதற்கு கீசர் வேறு எதற்கு, மே மாதம் மொட்டை மாடி டேங்க் தண்ணீரே தோலை உரிக்கிற சூட்டில் வரும்.

ஷேவ் முடிந்ததும் பிளேடைத் துண்டால் துடைக்காதீர்கள். முனையில் மெல்லிய பூச்சு இருக்கிறது, துடைத்தால் அதுவும் போகும், விரலும் போகும். உதறிவிட்டு, குளியலறைக்கு வெளியே காற்றாட வையுங்கள். என் தாத்தா காலத்து பிளேடு மறுநாளே துருப்பிடிக்கும், அதை அவர் கண்ணாடி டம்ளரின் உள்பக்கத்தில் தேய்த்துத் தேய்த்து ஒரு மாதம் ஓட்டுவார். 1962இல் வாள் செய்கிற கம்பெனியான வில்கின்சன் ஸ்வோர்ட் ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டுவந்தது, ஜில்லெட்டே பின்னால் ஓடிவந்து செய்ய வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் டம்ளருக்கு வேலை போய்விட்டது.

போரூர்: ஐந்து பிளேடு வந்த காலத்தில் திரும்ப ஒரு பிளேடுக்குப் போகச் சொல்கிறீர்கள். பழசு எல்லாம் நல்லது என்கிற வியாதிதானே இது?

கொஞ்சம் அந்த வியாதியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு பிளேடு கார்ட்ரிட்ஜ் 1971, மூன்று பிளேடு 1998, ஐந்து பிளேடு 2006. ஒவ்வொரு தடவையும் பிளேடு கூடியது, விலையும் கூடியது. ஒன்றுக்கு மேல் பிளேடு இருந்தால் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் இழுத்துவிடும், அது உள்ளே போவதற்குள் அடுத்தது வெட்டும். முடி தோல் மட்டத்துக்கும் கீழே போய் நிற்கும். நேரான முடி உள்ளவர்களுக்கு அது மழமழவென்ற ஷேவ். நம்மில் பலருக்குக் கழுத்தில் முடி சுருண்டு வளரும், அது வெளியே வருகிற வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்தி, சின்னச் சின்னக் கொப்புளமாகிவிடும். ஒரு பிளேடு மட்டத்தோடு வெட்டுவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும், அதுவும் எதிர்வாட்டத்தில் வறட்டு வறட்டென்று இழுக்காமல் இருந்தால்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். கார்ட்ரிட்ஜில் தலை தானாக அசைந்து கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், நான்கு நிமிஷத்தில் வேலை முடியும். இதில் எனக்கு இன்றும் பன்னிரண்டு பதினைந்து நிமிஷம். ஏழரை மணி மின்சார ரயிலைப் பிடிக்கிறவர்கள், வார நாளில் கார்ட்ரிட்ஜ், ஞாயிற்றுக்கிழமை இது என்று வைத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மேடவாக்கம்: போர்வெல் தண்ணீர். ஷேவிங் சோப்பில் எவ்வளவு அடித்தாலும் நுரை தயிர் திரிந்த மாதிரி ஆகிறது. பிரஷ் தரம் சரியில்லையா?

பிரஷ் பாவம், அதை விடுங்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு கசடாகிவிடும், பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கசடுதான். சோப்பில் பாதி தண்ணீரோடு சண்டை போட்டே தீர்ந்துபோகிறது, மீதி நுரைக்கு என்ன வரும்? புதுசாக வாங்கிய ரேசர் எரிக்கிறது என்று என்னிடம் வந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு விஷயம் இதுதான், நுரை சரியில்லாமல் பிளேடு காய்ந்த தோலில் ஓடியிருக்கிறது.

ஒரு டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷை ஊற வைக்கவும் நுரை அடிக்கவும் மட்டும் அது, முகம் கழுவவும் ரேசர் அலசவும் குழாய்த் தண்ணீரே போதும். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும் என்றெல்லாம் இல்லை, அன்றைக்கே தெரியும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று இதற்குப் பயன்படுத்தாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். ஏசி தண்ணீர் உப்பில்லாததுதானே என்று ஒரு புத்திசாலி கேட்டார். உப்பில்லைதான், ஆனால் அது வருகிற குழாயைக் கழற்றிப் பாருங்கள், முகத்தில் வைக்க மனசு வராது.

அப்புறம், டேங்கர் தண்ணீரோ போர்வெல்லோ எதுவானாலும் சோப்புக்கட்டியை விட ட்யூப் கிரீம் கொஞ்சம் சமாளிக்கும். கடலை அளவு போதும், பாதி ட்யூபைப் பிதுக்காதீர்கள்.

மேடவாக்கம், அதே நண்பர்: சரி, பிரஷ் எது?

செயற்கை இழை. பன்றி மயிரும் பேட்ஜர் என்கிற விலங்கின் மயிரும் அருமையானவைதான், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் காயவே காயாது, நவம்பர் மழையில் ஒரு வாரத்தில் மக்கின வாடை வரும். செயற்கை இழை உதறினால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வீட்டில் சைவம் பார்க்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

குரோம்பேட்டை: கன்னம் நன்றாக வருகிறது, கழுத்து மட்டும் தினமும் எரிகிறது. பைக்கில் முப்பது கிலோமீட்டர் போகிறேன்.

ஷேவ் செய்யாத ஒரு நாள் மாலை, கழுத்தை விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் போகும்போது மழமழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று பாருங்கள். மழமழப்பான திசைதான் வாட்டம். பலருக்குக் கழுத்தில் முடி கீழிருந்து மேலே வளரும், சிலருக்குக் காதை நோக்கிப் பக்கவாட்டில், எனக்கு இடது பக்கம் ஒரு சுழியே இருக்கிறது. கன்னத்தில் மேலிருந்து கீழே இழுத்த பழக்கத்தில் கழுத்திலும் அப்படியே இழுத்தால், நீங்கள் அறியாமலே முதல் இழுப்பே எதிர்வாட்டமாகிவிடும். எரியாமல் என்ன செய்யும்?

அழுத்தாதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள், கை கேட்காது. அதனால் கைப்பிடியை நடுவில் பிடிக்காமல் அடிநுனியில் இரண்டு விரலும் கட்டைவிரலுமாகப் பிடித்துப் பாருங்கள், அங்கே பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. ரேசரின் எடையே இழுத்துக்கொண்டு போகும். மறு கையால் தோலை மட்டும் சற்று இழுத்துப் பிடியுங்கள்.

ஹெல்மெட் வார் உரசுவதும் வியர்வையும் உங்கள் எரிச்சலில் பாதி. முடிந்தால் ராத்திரி ஷேவ் செய்து பாருங்கள், விடிவதற்குள் தோல் அடங்கிவிடும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், ஈரத்தோடு படிகாரக் கட்டியை ஒரு தடவை ஓட்டிவிட்டு ஒரு நிமிஷம் கழித்துக் கழுவுங்கள். படிகாரம் எங்கே சுரீரென்கிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது என்று அர்த்தம், எனக்கு அது ஒவ்வொரு ஷேவுக்கும் மார்க் ஷீட். நாட்டுமருந்துக் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள், பெட்டி போட்ட வெளிநாட்டுக் கட்டிக்குப் பத்து மடங்கு விலை தர வேண்டாம்.

மயிலாப்பூர்: மாலை போட்டிருக்கிறேன். மலைக்குப் போய் வந்ததும் 48 நாள் தாடியை இதில் எடுக்க முடியுமா?

சாமி, நேராக ரேசரை வைக்காதீர்கள். நீளமான முடி தடுப்புப் பட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கி, பிடுங்குகிற மாதிரி இருக்கும். ட்ரிம்மரில் ஒட்டக் குறைத்துவிட்டு, முகம் நன்றாக ஊறிய பிறகு புது பிளேடு போட்டு வாட்டத்தில் மட்டும் ஒரு தடவை. இந்த ஒரு நாளுக்குச் சீப்புப் பல் உள்ள ரேசர் நிஜமாகவே உதவும், முடி பற்களுக்கு நடுவே வழிந்து போய்விடும். 48 நாள் வெயிலையே பார்க்காத தோல் அது, மறுநாளும் ஷேவ் செய்யாதீர்கள்.

அண்ணா நகர்: என் பையனுக்குப் பதினேழு வயது, முகமெல்லாம் பரு. அப்பாவின் ரேசரை எடுத்துச் செய்து பார்த்து ரத்தக்களறி. தடுக்கவா, கற்றுக்கொடுக்கவா?

முதலில் அப்பாவின் ரேசர் அப்பாவுக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள் மேடம். கஞ்சத்தனம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் வழியாக ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பரவும், குடும்பமே ஆனாலும் பிளேடு தனித்தனிதான். இப்போதைக்குப் பருவெல்லாம் பழுத்திருக்கும்போது ட்ரிம்மர் போதும், தோலை ஒட்டி எடுக்க வேண்டிய அளவு முடியும் இருக்காது. சீழ் வைக்கிற பருவாக இருந்தால் ரேசர் பேச்சுக்கு முன் தோல் டாக்டர். அது அடங்கியதும் கன்னத்தில் மட்டும், வாரம் ஒரு தடவை, பக்கத்தில் யாராவது நிற்க. கற்றுக்கொடுங்கள், மறைத்து வைத்தால் மறுபடி எடுப்பான்.

அடையாறு: கேள்வி கேட்பதெல்லாம் ஆண்களாகவே இருக்கிறது. கால் முடிக்கு இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. முறை ஒன்றுதான், இடம் மட்டும் பெரியது. என் மனைவி என் பழைய மெர்க்குரை இந்த மாதம் கைப்பற்றிக்கொண்டாள், புது பிளேடு போட்டு அவளுக்கென்றே ஆகிவிட்டது, அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். குட்டைக் கைப்பிடி காலுக்குச் சரிப்படவில்லையாம், ஈரக் கையில் வழுக்குகிறது, நீளக் கைப்பிடி வாங்கச் சொல்கிறாள். கெண்டைக்காலில் கவலையில்லை. முழங்கால் சிப்பியிலும் கணுக்காலிலும் தோலுக்குக் கீழேயே எலும்பு, அங்கே கால் அங்குலம் கால் அங்குலமாக, முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தோல் இறுகிய பிறகு. அக்குளுக்கு ஆரம்பத்தில் வேண்டாம் என்கிறாள், குழிவான இடம், முடியும் நாலா பக்கம் போகும்.

பெரம்பூர்: அப்பாவுக்கு எழுபத்திரண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், கையும் லேசாக நடுங்குகிறது. பிறந்த நாளுக்கு உங்கள் மாதிரி ரேசர் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். சின்ன வெட்டும் அவருக்கு நிற்காமல் கசியும். எலெக்ட்ரிக் ஷேவர் வாங்கிக் கொடுங்கள். ஆசைப்பட்டால் பிரஷும் நல்ல கிரீமும் கொடுத்து நுரை போடுகிற சுகத்தை மட்டும் அனுபவிக்கச் சொல்லுங்கள், ஈரத்தில் ஓடுகிற எலெக்ட்ரிக் ஷேவர்களும் இருக்கின்றன. எதுவானாலும் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை.

வியாசர்பாடி: சலூனில் அண்ணன் பிளேடை இரண்டாக உடைத்துப் போடுகிறாரே, அதுவும் இதே பிளேடா?

இதே பிளேடுதான். காகிதத்தோடு வைத்தே நீளவாக்கில் பாதியாக ஒடித்து, பாதியை அவர் கத்தியில் செருகுவார். அவர் கையில் தடுப்புப் பட்டை கிடையாது, கோணமும் அழுத்தமும் முழுக்க விரலில் இருக்கிறது. நமக்குப் பதினோரு வருஷத்தில் வராதது அவருக்கு ஒரு நாளில் முப்பது முகம் பார்த்து வந்தது. நான் இன்றும் மாதம் ஒரு முறை சும்மா அவர் மணிக்கட்டைப் பார்ப்பதற்காகவே போய் உட்காருகிறேன். உங்கள் கண் எதிரே புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள், அதில் கூச்சம் வேண்டாம், அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கிண்டி: ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் ஜில்லெட் என்று எம்.பி.ஏ.யில் படித்தோம். உண்மையா?

அந்தக் கதையில் வரிசை தப்பு. கிங் கேம்ப் ஜில்லெட் விற்க ஆரம்பித்தது 1903இல், அந்த வருஷம் போனது 51 ரேசரும் 168 பிளேடும். 1904இல் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை கையில் இருந்தவரை ரேசரை அவர் சும்மா கொடுக்கவில்லை, 5 டாலருக்கு விற்றார், அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை இல்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசாங்கமே வாங்கிக் கொடுத்தது, 35 லட்சம் ரேசர். அவர்கள் ஊர் திரும்பியபோது பழக்கமும் கூடவே போனது. 1921இல் காப்புரிமை முடிந்து, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆன பிறகுதான் விலை இறங்கியது. இன்று எந்தக் கம்பெனி பிளேடும் எந்தக் கம்பெனி ரேசரிலும் உட்காருகிறதே, நமக்கு அதுதான் லாபம்.

திருவொற்றியூர்: பழைய பிளேடை என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டில் குப்பைக் கவரில் போட்டுவிடுவோம்.

அதை இன்றோடு நிறுத்துங்கள். காலையில் வண்டியோடு வருகிற அந்த அக்கா கவரைக் கையால்தான் பிரிக்கிறார். தகரப் பால்பவுடர் டப்பா ஒன்றில் மேலே காசு போடுகிற மாதிரி ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டு டப்பா ஆறு வருஷமாக இன்னும் பாதி கூட நிரம்பவில்லை. நிரம்பினால் டப்பாவோடு, பிளேடு என்று மேலே எழுதி, தனியாகக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.

மீனம்பாக்கம்: விமானத்தில்?

பிளேடு கைப்பையில் கூடாது, பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடுங்கள், ரேசருக்குள் ஒன்று மாட்டியிருக்கிறதா என்று கிளம்புமுன் திறந்து பாருங்கள். கைப்பை மட்டும்தான் என்றால் போகிற ஊரில் ஐந்து பிளேடு வாங்கிக்கொள்ளலாம், எந்த ஊரிலும் கிடைக்கும்.

மாம்பலம்: செவ்வாய், வெள்ளி ஷேவ் செய்தால் வீட்டில் பாட்டி சண்டை. உங்கள் வீட்டில் எப்படி?

எங்கள் வீட்டில் அம்மா. திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொண்டேன், நடுவில் ஒரு நாளாவது தோலும் ஆறும், அம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை. புது ரேசர் வந்தது ஒரு வியாழக்கிழமை ராத்திரி. மறுநாள் வெள்ளி என்று தெரிந்தும் பொறுக்காமல் காலையில் எடுத்தேன். தொண்டையில் கோடு விழுந்தது அன்றைக்குத்தான், அம்மாவிடம் கோணத்தைப் பற்றியெல்லாம் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை.